தலையில் கட்டின கதை

என் அக்கா பையன் போன மாதம் ஒரு சதுரத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். சிவப்புத் துணி. அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், ஓரத்தில் மாங்காய் டிசைன். அம்மா பதறிப் போய், "என்னடா கண்ணா, தலைவலியா? சுக்கு அரைச்சுப் பத்துப் போடட்டுமா?" என்றாள்.

"பாட்டி, இது பந்தனா. இங்கிலீஷ். உனக்குப் புரியாது."

விலை 350 ரூபாயாம். அம்மா அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். 2002-ல் 'பாபா' படத்தில் ரஜினி தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தபோது இதே அம்மா எந்தப் பத்தும் போடச் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு புதுச் சொல் காதில் விழுந்தால் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் தூக்கம் வராது. "பி.காம். படிச்சவருக்கு அகராதி எதுக்கு? கரண்ட் பில்லைக் கட்டிட்டு வாங்க" என்பாள் என் மனைவி. ஆனால் யோசித்துப் பாருங்கள், வார்த்தைகளும் பேரேடு விவகாரம்தான். இலக்கணக்காரர்களே அதற்குக் 'கடன் சொல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன, வாங்கினவர் வட்டி கட்ட வேண்டாம், அசலைத் திருப்பித் தர வேண்டாம். கொடுத்தவர் கையிலும் ஒன்றும் குறையாது. இப்படி ஒரு கடன் எந்த பாங்க்கிலாவது கிடைத்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

இங்கிலீஷ்காரர் இந்திக்காரரிடம் வைத்திருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல. ஷாம்பு என்பது 'அமுக்கு, பிடித்து விடு' என்கிற இந்திக் கட்டளை. தலைக்குத் தேய்க்கும் திரவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. லூட் என்றால் கொள்ளை. கொள்ளையடித்த கையோடு அதற்கான வார்த்தையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் பாருங்கள், அந்த நேர்மையை மெச்ச வேண்டும்! பங்களா அப்படி. 'டிங்கி' என்று சின்னப் படகைச் சொல்கிறார்களே, அதுவும் அங்கே போனதுதான்.

பந்தனாவும் இதே பேரேட்டில்தான் இருக்கிறது. இந்தியில் 'பாந்த்னா' என்றால் கட்டுவது. 'பாந்த்னூ' என்றால் கட்டிச் சாயம் போடும் முறை. துணியை அங்கங்கே சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, அப்படியே சாயத்தில் முக்குவார்கள். கட்டின இடத்துக்குள் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் அத்தனையும் புள்ளி புள்ளியாகச் சிரிக்கும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் இதுதான் பாந்தினி. நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. மதுரையில் சௌராஷ்டிரர்கள் போட்ட சுங்குடிப் புடவையும் இதே முடிச்சு வித்தைதான். என் பாட்டி கட்டிய சுங்குடியைக் கிழித்துத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தூளி கட்டினார்கள்.

ஆக பந்தனா என்ற சொல்லில் முதலில் துணியே கிடையாது. கட்டு என்கிற வேலை மட்டும்தான் இருந்தது. 18-ம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்து இந்தப் புள்ளி போட்ட பட்டுக் கைக்குட்டைகள் மூட்டை மூட்டையாக லண்டனுக்குப் போனபோது, வேலையின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது. அங்கே அதற்கு அப்படி என்ன கிராக்கி என்கிறீர்களா? மூக்குப்பொடி! ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் எல்லாம் பொடி போட்டுத் தும்மிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக் கைக்குட்டையானால் ஒரே நாளில் மானம் போய்விடும். சிவப்பு, நீலம், புள்ளி என்று இருந்தால் கறை தெரியாது. பட்டணம் பொடி போட்ட என் தாத்தாவும் கடைசிவரை பழுப்புக் கைக்குட்டைதான் வைத்திருந்தார். அது வாங்கும்போதே பழுப்பா, வாங்கின பிறகு பழுப்பா என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

இந்தச் சொல்லின் சொந்தபந்தங்களைப் பார்த்தால் கல்யாண மண்டபமே போதாது. பந்தம், சம்பந்தம், சம்பந்தி எல்லாம் இதன் வகையறா. கடையை மூடு என்கிற பந்த்தும்தான். வீட்டு ஓனர் போடுகிற நிபந்தனைக்குள்ளேயே ஒரு பந்தனை உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் ஏற்கெனவே இருக்கிற 'பைண்ட்', 'பாண்ட்' எல்லாமும் அதே ஆதி வேரிலிருந்து பிரிந்து போன தூரத்துப் பங்காளிகள் என்கிறார்கள் மொழி ஆராய்ச்சிக்காரர்கள். வீட்டிலேயே ஒன்று இருக்க, பங்காளி வீட்டிலும் போய் ஒன்று கடன் வாங்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் கரண்ட் பில்லாவது கட்டியிருப்பேன். பந்தனாவைத் தேடிய இடத்தில், ஆங்கிலத்தில் கைக்குட்டைக்கு இருந்த பெயர்களின் வரிசையில், இன்னொரு சொல் கண்ணில் பட்டது. 'புலிகேட்'. பொருள்: வண்ணக் கைக்குட்டை. எங்கிருந்து வந்தது? சோழமண்டலக் கரையில் உள்ள புலிகேட் என்ற ஊரிலிருந்து.

அதாவது நம் பழவேற்காடு!

சென்னையிலிருந்து கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை நண்டும் இறாலும் வாங்கப் போகிற ஊர். பூநாரை பார்க்கப் போகிற ஏரி. அந்தப் பெயர் ஒரு காலத்தில் இங்கிலீஷில் ஒரு துணியின் பெயராகப் புழங்கியிருக்கிறது. பந்தனாவும் புலிகேட்டும் ஒரே அலமாரியில் அக்கம்பக்கத்தில் அடுக்கியிருந்த சரக்குகள். பந்தனா இன்றைக்கும் 350 ரூபாய்க்கு விற்கிறது. புலிகேட் அகராதியில் மட்டும், 'வழக்கொழிந்தது' என்கிற பட்டத்தோடு படுத்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமையே பொன்னேரி போய், பஸ் மாறி, பழவேற்காட்டில் இறங்கிவிட்டேன்.

ஊரின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்த்துகீசியர்கள் வந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த இடத்தில் டச்சுக்காரர்கள் நுழைந்தார்கள். 1613-ல் ஜெல்ட்ரியா என்று ஒரு கோட்டை எழுப்பினார்கள். 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அவர்கள் தேடி வந்தது துணியை. சும்மா உடுத்திக்கொள்ள இல்லை. துணிதான் அவர்களுக்குக் காசு. கிழக்கே கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற தீவுகளில் வெள்ளிக் காசை நீட்டுவதைவிட நம் ஊர்ச் சேலையையும் கைலியையும் நீட்டினால் வியாபாரம் சுலபமாக நடந்தது. சுற்று வட்டாரத்து ஊர்களில் நெய்து, சாயவேரில் சிவப்பேற்றி, இங்கே கொண்டு வந்து கப்பலேற்றினார்கள். பஞ்ச காலங்களில் இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தச் சரக்குக்கு யாரும் ஊர்ப்பெயர் வைக்கவில்லை.

1825-ல் இங்கிலீஷ்காரர் கைக்குக் கடைசியாக வந்தபோது ஊரின் வாழ்ந்த காலம் முடிந்திருந்தது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்ளும் புதரும். டச்சுக் கல்லறை மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். 'இன்று நான், நாளை நீ' என்கிற மாதிரி அது நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... காலை டிபன் சாப்பிடாமல் போகிறவர்கள் ஜாக்கிரதை.

நான் நடந்த தெருக்களில் தறிச் சத்தம் எங்கும் காதில் விழவில்லை. பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். மீன் மார்க்கெட்டில் ஏலச் சத்தம் கேட்கிறது. இரண்டு டீக்கடைகளில் "இங்கே கைக்குட்டை நெய்வாங்களாமே?" என்று கேட்டேன். முதல் கடைக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்கு வழி சொன்னார். இரண்டாவது கடைக்காரர் என் மூக்கைப் பார்த்துவிட்டு, "ஜலதோஷமா சார்?" என்றார்.

கைக்குட்டை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் 'கர்ச்சீப்' என்பதன் மூலம் பிரெஞ்சு. 'தலையை மூடுவது' என்று அர்த்தம். அதற்கு முன்னால் 'ஹேண்ட்' சேர்த்தார்கள். கை-தலைமூடி! அது போதாதென்று 'பாக்கெட்' சேர்த்தார்கள். பாக்கெட்-கை-தலைமூடி! தமிழ் பேசத் தெரியாதவர் கூட இப்படி ஒரு சொல்லைக் கட்ட மாட்டார். நம்முடையது எவ்வளவு சுத்தம்: கையளவு குட்டைத் துணி, கைக்குட்டை. முடிந்தது கதை.

ஏரிக்கரையில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டம் போட்ட கைலி, தலையில் ஈரிழைத் துண்டு. வலை ஊசி அவர் விரல்களுக்கு நடுவே போய் வருகிற வேகத்தைப் பார்த்தால் தறிநாடா மாதிரியே இருந்தது. பக்கத்தில் படகின் நிழலில் அவர் மகள், மடியில் நீளமான ஒரு கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பொன்னேரியில் பி.காம். இரண்டாம் வருஷமாம். அட, நம்ம ஜாதி! கம்பெனி கணக்கியல் எப்படிப் போகிறது என்று விசாரித்ததில் இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, தலையில கட்டியிருக்கீங்களே, இதுக்கு இங்கே என்ன பேரு?" என்றேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்தார். "துண்டு சார்."

"அது துணியோட பேரு. கட்டின பிறகு?"

"கட்டின பொறவு இன்னா... தலைக்கட்டு. முண்டாசுன்றவன் முண்டாசுன்றான். வெயில்ல ஒண்ணும் தெரியாது சார், கட்டிக்கினு போனாதான் மண்டை நிக்கும். பாரம் தூக்க சும்மாடு. மூஞ்சி தொடைக்க, இடுப்புல இறுக்க, படுத்தா தலைக்கு. மீனு கெடைக்கலைன்னா மூஞ்சிய மூடிக்கினு வூட்டுக்கு வர்றதுக்கும் அதான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பந்தனாவுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் படித்ததில்லை. வடக்கே ஒருவன் துணியைக் கட்டிச் சாயம் போட்டான், அந்தக் 'கட்டு' உலகம் சுற்றி முந்நூற்று ஐம்பது ரூபாய் ஆயிற்று. இங்கே ஒருவர் அதே கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"தலைக்கட்டுன்னா எங்களுக்கு வேற ஒண்ணும் இருக்குது சார்" என்றாள் அந்தப் பெண், நோட்டை மூடாமலே.

கிராமத்துப் பக்கம் உறவு உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம் என்றால் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவா, தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி. பந்தி போடணுமா, எத்தனை தலைக்கட்டு என்று எண்ணு. பழவேற்காட்டில் அந்தச் சொல்லுக்குக் கனம் இன்னும் ஜாஸ்தி. இங்கே ஏரியில் மீன் பிடிக்கப் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஏரி முழுக்க ஒரே மாதிரி இறால் ஓடாது. முகத்துவாரத்தை ஒட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடம் யோகக்காரன் இடம். உள்ளே போகப் போக அதிர்ஷ்டம் குறையும். பலசாலி தினமும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் உலை கொதிக்காது. அதனால் பாட்டுக்கு உரிய குப்பங்கள் முறை வைத்துக்கொண்டு, தங்களுக்குள்ளும் சீட்டுப் போட்டு, இன்றைக்கு நீ இங்கே, நாளைக்கு நான் அங்கே என்று சுற்றி வருகிறார்கள். கோர்ட் இல்லை, ஸ்டாம்ப் பேப்பர் இல்லை. 1932-ம் வருஷத்துக் கூட்டு வணிகச் சட்டத்தை மூன்று வருஷம் உருப்போட்டவன் நான். லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதிர்ஷ்டத்தை எப்படிப் பிரிப்பது என்று அதில் ஒரு ஷரத்தும் கிடையாது.

பாடு என்றாலே நமக்குக் கஷ்டம்தான் ஞாபகம் வருகிறது. படாத பாடு, பெரும்பாடு. கடற்கரையில் அது கிடைத்த மீனுக்கும் பெயர். "இன்னிக்குப் பாடு எப்படி?" என்றுதான் கரையில் விசாரிப்பார்கள். கட்டு, பாடு இரண்டையும் சேர்த்தால் கட்டுப்பாடு. ஊர்ப் பஞ்சாயத்து போடுகிற உத்தரவுக்கும் அதுதான் பெயர். சொல்லே ஒரு வலை மாதிரி பின்னிக்கொண்டு போகிறது பார்த்தீர்களா?

"யாரெல்லாம் தலைக்கட்டு?" என்று கேட்டேன்.

"கல்யாணம் கட்டித் தனிக்குடும்பம் ஆன ஆம்பள ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு" என்றார் அப்பா.

"இதோ பாருங்க சார்." அந்தப் பெண் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். குப்பத்தின் வரி வரவு. வரிசையாகப் பெயர்கள், எதிரே தொகை, முத்து முத்தான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் கூட்டல், கீழே முன்கொண்டு வந்த தொகை. எங்கள் புரொபசர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "தலைக்கட்டு எத்தினின்னு எண்றது நான். வரி எழுதுறது நான். பாக்கி யாருன்னு கேட்டா நைனா மொதக்கொண்டு என்னைத்தான் கேக்கும். நோட்டு முச்சூடும் என் கையெழுத்து. ஆனா இதுல என் பேரு வராது."

"கல்யாணம் ஆனா வூட்டுக்காரன் பேரு வரும்ல" என்றார் அப்பா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது அவன் பேரு நைனா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி மட்டும் போய் வந்தது. சில ஊர்களில் விதவையின் வீட்டை அரைத் தலைக்கட்டாகக் கணக்கு வைத்து அரை வரி வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். வரியில் சலுகை என்று அதைச் சொல்வார்கள். அரை என்பது சலுகையா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சை மாற்றினேன். அந்த வேலையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

"உங்க ஊர் பேரே இங்கிலீஷ் அகராதியில ஒரு துணியோட பேரா இருக்கு, தெரியுமா?"

"புலிகேட்டா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ சார், அதைச் சொல்லாதீங்க. காலேஜ்ல எந்த ஊருன்னு கேட்டா நான் பொன்னேரின்னுதான் சொல்றது. ஒரு நாளு உண்மைய சொல்லிட்டேன். புலியும் இல்லாம பூனையும் இல்லாம இது என்ன ஊருன்னு ஒருத்தன் கேட்டான். கிளாஸ் முச்சூடும் மியாவ்னுது. அப்பாலே மீனு வாடை வேற."

புலி தமிழில் புலி, கேட் இங்கிலீஷில் பூனை. கேலி செய்த பையனுக்கு இரண்டு பாஷை தெரிந்திருக்கிறது என்பதைத் தவிர அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிஜத்தில் இதில் புலியும் இல்லை, பூனையும் இல்லை. பழைய வேற்காடு, வேல மரக் காடு. நம் திருவேற்காட்டுக்கு அண்ணன் முறை. போர்த்துகீசியர் வாயிலும் டச்சுக்காரர் வாயிலும் விழுந்து 'பாலியாகாட்டா' ஆகி, இங்கிலீஷ்காரர் வாயில் புலிகேட்டாக நின்றுவிட்டது.

நான் பையில் கொண்டு போயிருந்த குறிப்புகளை எடுத்து அவளிடம் விரித்தேன். புலிகேட் துணிக்கு நேர்ந்ததைக் கேட்டால் அந்தப் பையன் மியாவ் என்றிருக்க மாட்டான். இது புள்ளி போட்ட துணியில்லை, கட்டம் போட்டது. நூலிலேயே சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி நெய்து, சதுரம் சதுரமாக வெட்டி எடுப்பது. சீமையில் நன்றாக விலை போயிற்று. போனதும் என்ன செய்தார்கள்? 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் கிளாஸ்கோ பக்கம் அதே மாதிரி நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் புலிகேட் என்றே பெயர்! பழவேற்காடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், தன் தொழிலைக் கேட்டால் புலிகேட் நெய்கிறேன் என்று சொல்லியிருப்பார்.

பந்தனாவுக்கும் இதே கதி. கிளாஸ்கோவில் மான்டீத் என்பவரின் ஆலையில், 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கட்டவே கட்டாமல் பந்தனா தயாரித்தார்கள். சிவப்புச் சாயம் போட்ட துணியை ஈயத் தகடுகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, தகட்டிலிருக்கும் ஓட்டை வழியாக வெளுப்பு நீரைப் பாய்ச்சினால் புள்ளி விழுந்துவிடும். கட்டு இல்லாத 'கட்டு'! பிற்பாடு ஸ்காட்லாந்தின் சிவப்புத் துணிகள் மூட்டை மூட்டையாக இந்தியாவுக்கே விற்பனைக்கு வந்தன. 'தலையில் கட்டிவிட்டான்' என்று தமிழில் ஒரு பிரயோகம் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

"கட்டுமரம்கூட அங்க போயிருக்குதுன்னு ஸ்கூல்ல படிச்சேன்" என்றாள் அவள்.

போயிருக்கிறது. டாம்பியர் என்ற இங்கிலீஷ் கப்பல்காரர் 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் 'காட்டமரான்' என்று எழுதினார். அப்புறம் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? 1876-ல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு உடம்பு உள்ள ஒரு வேகப் படகைக் கட்டினார். இரட்டைப் படகு பசிபிக் தீவுக்காரர்களின் மூளை. அதற்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு 'காட்டமரான்' என்று இங்கிலீஷில் சொன்னால் கோடீசுவரர்கள் ஷாம்பேன் குடித்துக்கொண்டு போகிற இரட்டை உடம்புப் படகுதான் ஞாபகம் வரும். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

"இங்கயும் இல்லை சார்" என்றார் அப்பா. "எல்லாம் ஃபைபரு."

ஆக, கட்டு என்கிற ஒரே வேலையை இந்தியிலிருந்து ஒரு தடவை, தமிழிலிருந்து ஒரு தடவை என இரண்டு தரம் கடன் வாங்கியிருக்கிறது இங்கிலீஷ். ஒன்று தலைக்கு, ஒன்று தண்ணீருக்கு. ஊர்ப்பெயரையும் ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டது.

"அப்ப எங்க ஊரு பேரு இப்ப எங்கயுமே இல்லியா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். "மலாய்க்காரங்க கிட்ட இருக்கு. மலேசியாவுல, இந்தோனேசியாவுல கட்டம் போட்ட கைலியைக் 'கெய்ன் பெலிகட்'னுதான் சொல்வாங்க. கெய்ன்னா துணி. பெலிகட்னா பழவேற்காடு. வெள்ளிக்கிழமை மசூதிக்குக் கட்டிக்கிட்டுப் போவாங்க, வீட்டுல சும்மா இருக்கும்போதும் கட்டிக்குவாங்க. இலங்கையிலகூட பளையகாட் சாரம்னு கேட்டுத்தான் வாங்கியிருக்காங்க. இங்கிலீஷ்காரர் மறந்துட்டார், அவங்க மறக்கலை."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து குப்பத்துப் பக்கம் ஓடினாள்.

"இன்னா சார் ஆச்சு இதுக்கு?" என்றார் அப்பா.

பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கைலி. பச்சையில் கட்டம். அவளுடைய தாய்மாமன் ஜொகூரில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது மூன்று வாங்கி வந்தாராம். ஒன்று அப்பா அந்த நேரம் கட்டியிருந்தது. ஒன்று கிழிந்து படகு துடைக்கப் போய்விட்டது. மூன்றாவது டிரங்குப் பெட்டியில், அவள் கல்யாணத்தன்று அப்பா கட்டிக்கொள்ள.

உறைக்குள் ஒரு லேபிள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்ததை அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "கெய்ன்... பி, இ, எல், ஐ, கே, ஏ, டி." நிறுத்தினாள். இன்னொரு தடவை படித்தாள். "நைனா, நம்ம ஊரு பேரு."

"அட! நாலு வருசமா இதைத்தான் கட்டிக்கினு கீறேனா?" அவர் குனிந்து தன் கைலியை முதல் முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எங்க நெய்யறானாம்?"

லேபிளைத் திருப்பினாள். "இந்தோனேசியா."

"அவன் ஊரு பேர வெக்காம நம்ம ஊரு பேர வெச்சிருக்கான் பாரு. நல்லவன்தான்."

"கடன் வாங்குனா ரசீது தரணும்ல நைனா" என்றாள் பி.காம். இரண்டாம் வருஷம்.

எனக்கு அந்த லேபிளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஆசை. கட்டுரைக்குப் படமாகப் போடலாம். கேட்பதற்குள் அவள் அதை உருவி எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலேஜுக்கு எடுத்துப் போகப் போகிறாளாம். மியாவ் சொன்ன பையன் பெயரைக்கூடச் சொன்னாள், அதை நான் எழுதவில்லை. பாவம், அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

முகத்துவாரத்தில் வெள்ளம் ஏற ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அவர்கள் பாடு. அப்பா வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவிழ்ந்திருந்த துண்டை உதறி, தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் இறுக்கி முடிந்தார். "மூணரை பஸ்ஸ உட்டா அஞ்சேகால்தான் சார்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.